முத்து ரவுண்டானா ஏன் தோற்றது?

கேள்வி இதுதான்: "2011-இல் துனிசியாவில் நான்கே வாரத்தில் அதிபர் நாட்டை விட்டு ஓடினார். எகிப்தில் 18 நாளில் பதவி விலகினார். அதே பிப்ரவரியில் பஹ்ரைனில், மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இன்னும் பெரிய கூட்டம் தெருவுக்கு வந்தது. ஆனால் ஒரே மாதத்தில் எல்லாம் அடங்கிப்போனது. ஷியா–சன்னி பகைதான் காரணமா? ஈரான் தூண்டிவிட்டது என்பது உண்மையா?"

இரண்டுக்கும் என் பதில், இல்லை. மதப்பிரிவு அங்கே பேசப்பட்டது, ஊட்டப்பட்டது, கடைசியில் உண்மையாகவே வேரும் பிடித்தது. ஆனால் தலைநகர் மனாமாவின் முத்து ரவுண்டானாவில் நடந்த அந்தப் போராட்டம் தோற்றதற்கு அது காரணம் என்று நான் நினைக்கவில்லை. தோற்கடிக்கக் கைக்குக் கிடைத்த கருவி அது. எந்த ஆட்சிக்கும் குடிமக்களிடமிருந்து மூன்று வேண்டும்: படைக்கு ஆள், கஜானாவுக்குப் பணம், அன்றாட வேலைக்கு உழைப்பு. மக்கள் ஒன்றுகூடி இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்து நிறுத்தினாலும் அரசு ஆட்டம் காணும். பஹ்ரைன் அரசுக்கு இந்த மூன்றில் எதற்கும் போராடிய அந்த மக்கள் தேவைப்படவில்லை. என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு நான் மனாமாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அதற்காக என்னை நேரில் கண்ட சாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் மாடி ஜன்னலில், இழுத்துவிட்ட திரைச்சீலையின் இடுக்கில் தெரிந்த அளவே நான் கண்டது. மற்றதெல்லாம் பிறகு தேடிப் படித்தது.

முதலில் நாட்டைப் பற்றி. பஹ்ரைன் சின்னத் தீவு. மனாமாவில் காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தெற்கு முனைக்குப் போய்விடலாம். 2010 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 12.3 லட்சம். அதில் குடிமக்கள் ஏறக்குறைய 5.7 லட்சம் பேர்தான். மீதிப் பேர் எங்களைப் போல் பிழைக்கப் போனவர்கள். குடிமக்களில் பெரும்பான்மையோர் ஷியா பிரிவினர். ஆளும் அல் கலீஃபா குடும்பம் சன்னி. 1783 முதல் அவர்கள் ஆட்சிதான். நடுவில் நீண்ட காலம் பிரிட்டன் பாதுகாவலனாக இருந்து, 1971 ஆகஸ்டில் விலகியது.

ஜனநாயகம் கேட்டு அங்கே எழுந்த குரல் 2011-இல் பிறந்ததல்ல, அரபு வசந்தம் என்று பத்திரிகைகள் பெயர் சூட்டியபோது தொற்றிக்கொண்டதும் அல்ல. 1953-இல் மொஹரம் ஊர்வலத்தில் இரு பிரிவினருக்கும் கைகலப்பு மூண்டது. அடுத்த ஆண்டே இரு பிரிவுத் தலைவர்களும் உட்கார்ந்து பேசி ஓர் உயர் செயற்குழு அமைத்தார்கள்: நான்கு பேர் சன்னி, நான்கு பேர் ஷியா. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், எழுதப்பட்ட சட்டம், தொழிற்சங்க உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவை. 1956-இல் அந்த இயக்கம் நசுக்கப்பட்டது. அதன் தலைவர்களில் மூவரைப் பிரிட்டிஷார் கப்பலேற்றிக் கொண்டுபோய் வைத்த இடம் செயிண்ட் ஹெலினா தீவு. நெப்போலியனை வைத்திருந்த அதே தீவு. இரு பிரிவும் ஒன்றாக நின்றபோதுதான் அரசு மிகவும் பயந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1973-இல் அரசியல் சாசனமும் தேர்தலும் வந்தன. நாடாளுமன்றம் வாழ்ந்தது இரண்டே ஆண்டு. விசாரணையின்றி மூன்று ஆண்டு வரை ஒருவரை அடைத்து வைக்க வழிசெய்யும் பாதுகாப்புச் சட்டத்தை அது ஏற்க மறுத்தது. 1975-இல் ஆட்சியாளரான அமீர் அதைக் கலைத்தார். அந்தச் சட்டத்தைச் செயல்படுத்திய உளவுப் பிரிவை 1966 முதல் 1998 வரை நடத்தியவர் இயான் ஹெண்டர்சன் என்ற பிரிட்டிஷ்காரர். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்கிய அனுபவத்தோடு வந்தவர். 1994 முதல் ஐந்தாண்டுகள் கிராமங்களில் மறுபடியும் கிளர்ச்சி நடந்தது, சிறைகள் நிரம்பின.

1999-இல் ஹமத் அமீராக ஆட்சிக்கு வந்தார். கைதிகளை விடுவித்தார், நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார். 2001 பிப்ரவரி 14 அன்று ஒரு தேசியச் சாசனத்தின் மீது மக்கள் வாக்கெடுப்பு நடந்தது; 98.4 சதவீதம் பேர் சம்மதம் தெரிவித்தார்கள். இது மோசடி எண் அல்ல. மக்கள் உண்மையாகவே நம்பினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2002 பிப்ரவரி 14 அன்று, யாரையும் கேட்காமல் ஒரு புதிய அரசியலமைப்பை வெளியிட்டு அமீர் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட 40 பேருக்குச் சமமாக அரசர் நியமிக்கும் 40 பேர் கொண்ட ஒரு மேலவையும் வந்து உட்கார்ந்தது. 2010 தேர்தலில் அல் விஃபாக் என்ற முக்கிய எதிர்க்கட்சி பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றும் 40-இல் 18 இடம்தான் பெற முடிந்தது. தொகுதிகளை வெட்டிய விதம் அப்படி. பிரதமர் பதவியில் 1971 முதல் அரசரின் சிற்றப்பாவே இருந்தார். 2020-இல் இறக்கும்வரை அவர்தான் பிரதமர். உலகில் அவ்வளவு நீண்ட காலம் ஒரே ஆள் பிரதமராக இருந்ததற்கு வேறு உதாரணம் என் நினைவில் இல்லை.

ஆக, 2011 பிப்ரவரி 14 என்ற தேதி யாரோ குருட்டாம்போக்கில் குறித்ததல்ல. கொடுத்த வாக்கு மீறப்பட்டதன் ஆண்டு நினைவு நாள் அது.

அன்று கிராமங்களில் சின்னச் சின்ன ஊர்வலங்கள்தான் கிளம்பின. ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். மறுநாள் அவர் இறுதி ஊர்வலத்தில் இன்னொருவர். அந்தக் கோபத்தில் கூட்டம் நேராக முத்து ரவுண்டானாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அரபியில் தவ்வார் அல் லூலு. லூலு என்றதும் நம்மவர்களுக்கு சூப்பர்மார்க்கெட் நினைவுக்கு வரும். அங்கே லூலு என்றால் முத்து. எண்ணெய் வருவதற்கு முன்னால் அந்தத் தீவு முத்துக்குளித்துப் பிழைத்தது. பாய்மரங்கள் போல் வளைந்தெழுந்த ஆறு தூண்கள், உச்சியில் ஒரு முத்து. 1982-இல் வளைகுடா நாடுகளின் மாநாட்டை ஒட்டிக் கட்டியது. ஆறு தூண்கள் ஆறு நாடுகள். அரசர்களின் ஒற்றுமைக்கு எழுப்பிய சின்னத்தின் அடியில் குடிமக்கள் கூடாரம் அடித்தார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் ஆட்சியைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. பிரதமர் போக வேண்டும், அரசியலமைப்பை மக்கள் எழுத வேண்டும், அவ்வளவுதான். "சன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, பஹ்ரைனியர்" என்பது அப்போது அதிகம் கேட்ட முழக்கம். 17-ஆம் தேதி விடிவதற்கு முன், கூடாரங்களில் குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் ரவுண்டானாவை நோக்கி வெறுங்கையோடு நடந்தவர்களை ராணுவம் சுட்டது. அதன் பிறகுதான் "அரசை மக்கள் வீழ்த்த விரும்புகிறார்கள்" என்ற, துனிஸிலும் கெய்ரோவிலும் ஒலித்த முழக்கம் மனாமாவிலும் எழுந்தது. ஒரு சீர்திருத்தக் கோரிக்கையைப் புரட்சிக் கோரிக்கையாக மாற்ற இரண்டு நாள் துப்பாக்கிச்சூடு போதுமானதாக இருந்தது.

19-ஆம் தேதி ராணுவம் பின்வாங்கியது. பட்டத்து இளவரசர் சல்மான் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். 22-ஆம் தேதி ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று கணித்தார்கள். 5.7 லட்சம் குடிமக்களில் ஒரு லட்சம்! அந்த விகிதத்தில் கெய்ரோவில் கூட்டம் கூட வேண்டுமானால் ஒரு கோடிக்கு மேல் ஆள் வேண்டும். எண்ணிக்கையால் ஆட்சி மாறுமென்றால் அன்றே மாறியிருக்க வேண்டும்.

ஏன் மாறவில்லை என்பதற்கு முதல் காரணம் துப்பாக்கியைப் பிடித்திருந்த கை. துனிசியாவில் படை சிறியது. போலீஸ்தான் பெரிய பூதம். அந்தச் சிறிய படையும் கட்டாய ராணுவச் சேவையில் வந்த ஊர்ப்பிள்ளைகளால் நிரம்பியது. அதிபர் பென் அலியைக் காப்பாற்றி அந்தப் படைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எகிப்தில் ராணுவம் ரொட்டி முதல் சிமெண்ட் வரை தொழில் நடத்தும் ஒரு தனிப் பேரரசு. அதிபர் முபாரக் தன் மகன் கமாலைப் பட்டத்துக்குத் தயார்செய்வது ஜெனரல்களுக்கு ஏற்கெனவே கசந்திருந்தது. கிழவர் போனாலும் கம்பெனி தங்களிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். போட்ட கணக்கு தப்பவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் முர்சியை 2013 ஜூலையில் பதவியிலிருந்து தூக்கினார்கள். அடுத்த மாதம் 14-ஆம் தேதி கெய்ரோவின் ராபியா சதுக்கத்தில் கூடியிருந்த முர்சி ஆதரவாளர்களில் 800-க்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் கொன்றார்கள். மக்களும் ராணுவமும் ஒரே கை என்று 2011-இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் முழங்கியவர்களில் பலர் அந்தக் கூட்டத்திலும் இருந்திருக்கலாம்.

பஹ்ரைனில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஷியாக்களுக்குப் படையிலும் போலீசிலும் ஏறக்குறைய இடமே இல்லை. கலவரத் தடுப்புப் போலீசில் பாகிஸ்தானின் பலூச்சிகள், யேமனியர், ஜோர்டானியர், சிரியர் ஏராளம். அவர்களில் பலருக்குக் குடியுரிமையும் அரசு வீடும் கிடைத்தன. அங்கே அதற்கு தஜ்னீஸ் என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருப்பவன் அரசு வீட்டுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பான். அவன் முதுகில் லத்தியை இறக்குபவன் அதே வரிசையில் முந்திக்கொண்டு போவான். அடித்த போலீஸ்காரன் உருதுவில் திட்டினான் என்று சொன்ன பஹ்ரைனியர்கள் பலர். நெருக்கடி முற்றிய மார்ச்சில் பஹ்ரைன் தேசியக் காவல்படைக்கு ஆள் எடுக்கப் பாகிஸ்தான் பத்திரிகைகளில் விளம்பரமே வந்தது.

சுடச் சொன்னால் சுடுபவனுக்கு எதிரே நிற்பவன் தம்பியாகவோ பக்கத்துத் தெருக்காரனாகவோ இருக்கக் கூடாது என்பது அடக்குமுறையின் அரிச்சுவடி. சிரியாவில் அசாத் குடும்பம் தன் சமூகத்தாரை அதிகாரிகளாக வைத்துப் பின்னிய வலையும் இதே பாடம்தான். அதனால்தான் தாரா நகரில் பள்ளிப் பிள்ளைகளின் சுவரெழுத்தில் தொடங்கியது 13 ஆண்டுப் போராக நீண்டு, 2024 டிசம்பர் 8 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

ஆனாலும் உள்ளூர்ப் படை மட்டும் போதும் என்று மனாமா நம்பவில்லை. மார்ச் 12 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் வந்து, சின்னச் சின்னச் சீர்திருத்தம் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைப் பிரிவின் தலைமையகம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. அவர் சொல்லுக்கு எடை இருந்திருக்க வேண்டும். இரண்டு நாளில் சவூதி அரேபியாவிலிருந்து 25 கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்தின் வழியே கவச வண்டிகள் வரிசையாக வந்தன. சுமார் ஆயிரம் சவூதி வீரர்கள், ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து 500 போலீசார். வண்டிகளின் மேலிருந்து வெற்றிக்குறி காட்டிக்கொண்டே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சண்டை தொடங்குவதற்கு முன்பே வெற்றி!

சவூதிக்கு ஏன் இவ்வளவு அவசரம்? கடற்பாலத்தின் மறுமுனையில் அவர்களுடைய கிழக்கு மாகாணம். எண்ணெய்க் கிணறுகளும் ஷியா மக்களும் ஒன்றாக இருக்கும் பகுதி. பக்கத்துத் தீவில் ஓர் அரசர் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டால் அந்தச் செய்தி பாலம் ஏறி வந்துவிடும். துனிசியாவுக்கும் எகிப்துக்கும் இல்லாத அண்டைவீட்டுக்காரர் பஹ்ரைனுக்கு இருந்தார். வாஷிங்டன் அதன்பிறகு பெரிதாக வாய் திறக்கவில்லை.

15-ஆம் தேதி நெருக்கடிநிலை. "தேசியப் பாதுகாப்பு நிலை" என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். 16-ஆம் தேதி காலை ஹெலிகாப்டர் சத்தத்தில்தான் விழித்தோம். ரவுண்டானா துடைக்கப்பட்டது. எங்கள் பகுதியில் மாலை 4 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை ஊரடங்கு. 18-ஆம் தேதி அந்த நினைவுச்சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். அது களங்கப்பட்டுவிட்டதாம். அவசர அவசரமாக இடித்ததில் தூண் சரிந்து கிரேன் ஓட்டுநர் ஒருவர் நசுங்கி இறந்தார். அவரும் பிழைக்க வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி. இடத்துக்குப் பெயர் மாற்றி அல் ஃபாரூக் சந்திப்பு என்றார்கள். 500 ஃபில்ஸ் நாணயத்தில் அந்தச் சின்னம் பொறித்திருந்தது. நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு நிற உலோகத்தில் அழகான காசு. ஒன்று என் மேசை டிராயரில் கிடந்து, ஊருக்கு என்னோடு வந்துவிட்டது.

இரண்டாவது காரணம் பணம். அதை நீட்ட வேண்டியதில்லை. அப்போது பஹ்ரைனில் வருமான வரி கிடையாது, மதிப்புக்கூட்டு வரி கிடையாது. அரசு வருவாயில் பெரும்பங்கு எண்ணெய். அந்த எண்ணெயிலும் பெரும்பகுதி சவூதியோடு பங்கிட்டுக்கொள்ளும் அபு சஃபா கடல் வயலிலிருந்து வருவது. எடுப்பது சவூதி, பங்கு கொடுப்பது சவூதி. மார்ச் 10-ஆம் தேதி வளைகுடா நாடுகள் பஹ்ரைனுக்கு 1,000 கோடி டாலர் உதவி அறிவித்தன. படியளப்பவன் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும்போது இந்தப்பக்கத்து மக்களுக்குப் பதில் சொல்ல என்ன அவசியம்?

ஈரான் கேள்விக்கு வருகிறேன். அரசரே நியமித்த விசாரணைக் குழு ஒன்று செரீஃப் பஸ்ஸியூனி என்ற சட்ட அறிஞர் தலைமையில் அமைந்தது. 2011 நவம்பர் 23 அன்று அரசரை எதிரில் உட்கார வைத்து அவர் அறிக்கையின் சுருக்கத்தை வாசித்தார். அரபு உலகில் அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அரசு கொடுத்த ஆதாரங்களைக் கொண்டு பார்த்தால் பிப்ரவரி, மார்ச் சம்பவங்களுக்கும் ஈரானுக்கும் தெளிவான தொடர்பு ஏதும் தெரியவில்லை என்றது அறிக்கை. ஏப்ரல் நடுப்பகுதி வரை 35 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பாதுகாப்புப் படையினர். காவலில் நடந்த சித்திரவதையால் ஐந்து பேர் செத்தார்கள். கைதானவர்கள் சுமார் 2,900. சித்திரவதை ஏதோ ஓரிரு முரடர்களின் வேலை அல்ல, முறையாக நடந்தது என்றும் எழுதியிருந்தது. ஈரான் தன் தொலைக்காட்சிகளில் ஆர்ப்பரித்தது உண்மை. பக்கத்து வீடு எரியும்போது கைதட்டுபவனும் தீ வைத்தவனும் ஒருவன் ஆகிவிடமாட்டார்கள்.

ஆனால் ஈரான் என்ற சொல் வேலை செய்தது. பிப்ரவரி 21 அன்று ஃபாத்தே மசூதி முன் சன்னிகள் பெருந்திரளாகக் கூடினார்கள். அவர்கள் எல்லோரும் அரசின் கைக்கூலிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஊழலும் வீட்டுப் பஞ்சமும் அவர்களுக்கும் உண்டு. அன்று அவர்களும் சில கோரிக்கைகள் வைத்தார்கள். நாளைக்கு ஆட்சி மாறினால் தங்கள் கதி என்ன என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தைத் தொலைக்காட்சி இரவு பகலாக ஊதிவிட்டது. அரசுக்கு எதிரான ஊர்வலத்தில் கலந்துகொண்ட விளையாட்டு வீரர்களின் புகைப்படங்களைக் காட்டி, முகங்களைச் சிவப்பு வட்டத்தால் சுற்றிக் காட்டினார்கள். தேசிய அணியில் விளையாடிய கால்பந்து வீரர்கள் கைதானார்கள். முப்பது ஷியா வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டன, அனுமதியில்லாக் கட்டடங்களாம். இப்ராஹிம் ஷரீஃப் என்ற இடதுசாரித் தலைவர் சன்னி. அவரும் ரவுண்டானா மேடையில் ஏறியவர், அவருக்கும் ஐந்தாண்டுச் சிறை. மதப்பிரிவுச் சண்டை என்ற கதையில் அவருக்கு இடமில்லை என்பதால் அவரைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. 1956-இன் பயம் அரசுக்கு இன்னும் போகவில்லை.

போராடியவர்கள் மேல் தவறே இல்லையா? இருக்கிறது. பட்டத்து இளவரசர் கதவைத் திறந்து வைத்திருந்த மூன்று வாரத்தில் அல் விஃபாக் நிபந்தனைகளை எண்ணிக்கொண்டிருந்தது. மார்ச் 8 வாக்கில் மூன்று தீவிர அமைப்புகள் முடியாட்சியே வேண்டாம், குடியரசு வேண்டும் என்று அறிவித்தன. மறுகரையில் இருக்கும் சன்னிகளை நிரந்தரமாக இழக்க அந்த ஒரு சொல் போதும். 13-ஆம் தேதி நிதித்துறைக் கட்டடங்களுக்குப் போகும் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அன்றே இளவரசர் ஏழு அம்சங்களை வெளியிட்டார். முழு அதிகாரம் கொண்ட நாடாளுமன்றம் அதில் முதலாவது. மறுநாள் பாலத்தில் வண்டிகள். ஒரு வாரம் முன்னால் கையை நீட்டியிருந்தால் குடும்பத்துக்குள் இளவரசரின் கை ஓங்கியிருக்குமா? பிரதமரும் ராணுவத் தலைமையும் விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை குறைவு. இருந்தாலும், கிடைத்த ஒரே சாவியைத் திருப்பிப் பார்க்காமல் விட்டது தவறு என்றே நினைக்கிறேன். அந்த மார்ச்சில் சில கும்பல்கள் தெற்காசியத் தொழிலாளர்களை, அதிலும் பாகிஸ்தானியரைத் தேடித் தாக்கின. சிலர் செத்தும் போனார்கள். லத்தி பிடித்த பலூச்சியும் செங்கல் சுமந்த பஞ்சாபியும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள். அந்த வாரங்களில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் யாரும் தனியாக வெளியே போகவில்லை.

மற்ற நாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடானில் 2019 ஏப்ரலில் ராணுவத் தலைமையகத்தின் வாசலிலேயே உட்கார்ந்து அதிபர் பஷீரை இறக்கினார்கள். ஜூன் 3 அன்று அதே வாசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இன்று அந்நாட்டு ராணுவமும் துணைராணுவப் படையும் தங்களுக்குள் சண்டையிட்டு நாட்டையே எரித்துவிட்டன. துனிசியா ஒன்றாவது தப்பித்தது என்று பத்தாண்டு காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2021 ஜூலை 25 அன்று, வாக்குப் பெற்று வந்த அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்ற வாசலில் ராணுவ வண்டியை நிறுத்தி அதையும் முடித்துவைத்தார். துப்பாக்கி வெடிக்கவே இல்லை.

இனி மூன்றாவது காரணம், உழைப்பு. இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். இதில் நாமும் வருகிறோம்.

துனிசியாவில் பென் அலியின் கடைசி நாட்களைத் தீர்மானித்ததில் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் ஊராக வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஜனவரி 14 அன்று தலைநகரில் எல்லாம் நின்றது, மாலையில் விமானம் ஏறிவிட்டார். எகிப்திலும் கடைசி மூன்று நாளில் சூயஸ் பகுதித் தொழிலாளர்களும் பஸ் ஊழியர்களும் வேலையை நிறுத்தியது ஜெனரல்களின் மனத்தை மாற்றியது. பஹ்ரைனிலும் தொழிற்சங்கங்கள் மார்ச் 13 முதல் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. ஆசிரியர்கள் போகவில்லை, அலுமினிய ஆலையிலும் எண்ணெய் நிறுவனத்திலும் பலர் போகவில்லை. ஆனால் கடை திறந்தது, குப்பை அள்ளப்பட்டது, மருத்துவமனையில் நர்ஸ் இருந்தார், கட்டடம் எழும்பியது, சம்பளப் பட்டியல் தயாரானது. தீவின் வேலைக்காரர்களில் பெரும்பாலோர் விசாவில் வந்தவர்கள். வேலையை நிறுத்தினால் விமானம் ஏற்றிவிடுவார்கள். நிறுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டை என்றே பேசிக்கொண்டோம்.

வேலைநிறுத்தம் அரசுக்கு வலிக்காவிட்டாலும் பட்டியல் எடுக்க உதவியது. அரசுத்துறையில் இரண்டாயிரத்துக்கு மேல், தனியார்துறையில் இரண்டாயிரத்துக்கு மேல் என்று பஹ்ரைனியர்கள் வேலை இழந்தார்கள். ரவுண்டானாவுக்குப் போனாயா, புகைப்படத்தில் இருப்பது நீதானே என்று விசாரித்து வெளியே அனுப்பினார்கள். சல்மானியா அரசு மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களும் நர்ஸ்களுமாக 20 பேருக்கு ராணுவ நீதிமன்றம் 5 முதல் 15 ஆண்டு வரை தண்டனை விதித்தது. உலகம் கத்தியதால் மறுவிசாரணையில் சிலர் விடுதலையானார்கள், சிலருக்குத் தண்டனை குறைந்தது. ரவுண்டானாவில் கவிதை வாசித்த அயாத் அல் குர்மேஸி என்ற 20 வயதுப் பெண்ணுக்கு ஓராண்டு. மனித உரிமைச் செயல்பாட்டாளர் அப்துல்ஹாதி அல் கவாஜாவுக்கு ஆயுள். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைச் சர்வதேச நெருக்குதலால் பிறகு திரும்ப எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லோருக்கும் பழைய நாற்காலி கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் ஒவ்வொரு திருகாக இறுக்கியதுதான். 2016-இல் அல் விஃபாக் கலைக்கப்பட்டது, 2017-இல் நாட்டின் ஒரே சுதந்திரமான நாளிதழான அல் வசத் மூடப்பட்டது, நூற்றுக்கணக்கானோரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் 1,500-க்கும் மேற்பட்ட கைதிகளை அரசர் மன்னித்து விடுவித்தார். முதல் வரிசைத் தலைவர்கள் அதில் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் 2011 ஏப்ரலில் இரண்டு மேசைகள் காலியாயின. ஒருவர் என் எதிர்வரிசையில் ஆறு ஆண்டு உட்கார்ந்திருந்தவர். ரமலான் மாதத்தில் வீட்டிலிருந்து ஹரீஸ் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுப்பார். மனிதவளப் பிரிவுக்கு அழைத்தார்கள், போனார், பையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. பையை யாரோ காவலாளியிடம் கொடுத்தனுப்பினார்கள். ஜூலையில் அந்த மேசைக்குத் திருச்சியிலிருந்து ஒரு பையன் புதிதாக வந்தான். வவுச்சர் எப்படிப் போடுவது, மாதக் கடைசியில் கணக்கை எப்படி முடிப்பது என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரன், இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டான்.